ஒரு நாள் முன்னால் போன வீடு

மணிமேகலையின் வீட்டில் சாவிக்கு ஓர் ஆணி உண்டு. தைலத்துக்கு ஜன்னல் மேடை. மகள் நித்திலாவின் மருந்துச் சீட்டுகளுக்குக் கட்டில் தலைமாட்டில் ஒரு மஞ்சள் பை. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் வேண்டியது கையில் வந்து சேரும். திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் அந்தச் சின்ன வீட்டுக்கு வருகிறவர்கள், "எப்படிப்பா இம்புட்டு நேர்த்தியா வச்சிருக்க?" என்று கேட்பார்கள். "தேடுறதுக்கு நேரமில்லக்கா, அதான்" என்பாள். அடக்கத்துக்காகச் சொல்வதல்ல. உண்மையிலேயே நேரம் கிடையாது.

அவளும் கணவன் இளஞ்செழியனும் செம்பட்டி சாலையில் உள்ள ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறார்கள். அவள் நூற்கும் எந்திரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த இழைகளை ஒட்டுகிறவள். அவன் எந்திரம் பழுது பார்க்கிறவன். நித்திலாவுக்கு ஒன்பது வயது. குறைமாதத்தில் பிறந்தவள். கை கால்கள் விறைப்பாகவே இருக்கும். தானாக உட்கார முடியாது. பேச்சு இல்லை. ஆனால் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் கோபமாக இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். அவளை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போக முடியாது.

அதனால் ஒரு வாரம் அவளுக்குக் காலை ஷிஃப்ட், அவனுக்கு மதிய ஷிஃப்ட். அடுத்த வாரம் மாறிவிடும். காலை ஏழு மணி முதல் மூன்று வரை ஒருவர், மூன்று முதல் பதினொன்று வரை மற்றவர். ஒருவர் கிளம்பி மற்றவர் வந்து சேரும் இடைவெளியில், எதிர்வீட்டுக் காதர் பீவி வந்து நித்திலாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கையில் உருட்டிக்கொண்டே இருக்கும் தஸ்பீ மணிமாலை, வாயில் ஊர்க்கதை. "எனக்கும் பேச ஆள் வேணும்ல. இவதான் குறுக்கப் பேசாமக் கேக்குறா" என்பார்.

ஒரே வீட்டில் இருந்தாலும் கணவனும் மனைவியும் விழித்திருக்கும் நேரத்தில் பார்த்துக்கொள்வது குறைவு. ஒருவர் கிளம்பும்போது மற்றவர் தூங்கிக்கொண்டிருப்பார். மதியம் மூன்று மணிக்கு முன்னால், மில்லின் நீண்ட நடைபாதையில் ஒரு நிமிடம் எதிரெதிரே கடப்பார்கள். எந்திரச் சத்தத்தில் பேச முடியாது. அவன் இரண்டு விரலைக் காட்டினால் பாப்பா இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறாள் என்று அர்த்தம். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் தூங்குகிறாள். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

மீதிச் சேதியெல்லாம் காலண்டர் தாளில்தான். தினசரி காலண்டர். காலை ஷிஃப்ட் யாருக்கோ அவர் ஐந்து மணிக்கு எழுந்து நேற்றைய தாளைக் கிழிப்பார். அதன் பின்பக்கத்தில் மற்றவருக்கு எழுதிவைத்துவிட்டுப் போவார். "மாவு பிரிட்ஜ்ல இருக்கு. பதினோரு மணிக்கு மருந்து. இடது முட்டியில தைலம் தேய்க்கணும்." நாளை, நாளை மறுநாள் செய்ய வேண்டியவற்றை வரப்போகும் தாள்களின் முகத்தில் மணிமேகலை சிவப்பு மையால் முன்கூட்டியே எழுதிவிடுவாள். கேஸ் பதிவு, தடுப்பூசி, பேங்க். ஒரு மாதத்துக்கு முன்பே ஜூலை பதினாறாம் தேதித் தாளில் எழுதியிருந்தாள்: "முகாம். காலை 9. அளவு எடுக்க." நித்திலாவின் உடம்புக்கேற்ற சக்கர நாற்காலிக்கு அளவெடுக்கும் முகாம் அது. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடப்பதாக இருந்தது. அந்த நாளுக்கு மட்டும் மில்லில் எழுதிக் கொடுத்து லீவு வாங்கியிருந்தாள்.

லீவு கேட்பது அந்த மாதத்தில் அவளுக்கு லேசான காரியமாக இல்லை. மில்லில் டைம் ஆபீஸ் என்று ஒரு அறை உண்டு. யார் எந்த ஷிஃப்ட், யாருக்கு என்றைக்கு வார லீவு, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதையெல்லாம் அங்கேதான் பதிவார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் சுக்கூர் ஜூலை முடிவில் ஓய்வு பெறப் போகிறார். அவருடைய இடத்துக்கு மணிமேகலையைச் சொல்லியிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், கணினி பழகியவள், எல்லாவற்றையும்விட, மில் பஸ்ஸுக்கு ஒரு நாளும் தாமதமாக வராதவள். மேலாளர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மூன்று மாதத்துக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் நிற்கக் கூடாது.

டைம் ஆபீஸ் வேலை காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை. அவன் காலை ஷிஃப்டையே நிரந்தரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டால், காலையில் அவள் எட்டரை வரை வீட்டில், மதியம் மூன்றே முக்காலிலிருந்து அவன் வீட்டில். நடுவில் காதர் பீவி பார்த்துக்கொள்வார்; சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிட்டால் வேன் வந்து அழைத்துப் போகும். மாலை ஆறரைக்கு மூன்று பேரும் ஒரே வீட்டில், விழித்திருப்பார்கள். தினமும் ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடலாம். அந்த வேலையை அவள் விரும்பியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூலை பதினான்கு, திங்கட்கிழமை, ஷிஃப்ட் மாறியது. போன வாரம் முழுக்க இளஞ்செழியனுக்குக் காலை ஷிஃப்ட். தாள் கிழித்தவன் அவன்தான். திங்களன்று மணிமேகலை ஐந்து மணிக்கு எழுந்தாள், ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்தாள், எழுதிவைத்தாள், போனாள். அவன் ஏழரைக்கு எழுந்தான். ஒரு வாரப் பழக்கத்தில் அவன் கையும் காலண்டருக்குப் போனது. பல் தேய்த்துக்கொண்டே ஒரு தாளைக் கிழித்தான். பின்பக்கத்தில், "பாப்பா ரெண்டு இட்லி. நல்லாச் சிரிச்சா" என்று எழுதி, கண்ணாடி இடுக்கில் செருகினான்.

மாலையில் வந்தவள் அதை எடுத்துப் படித்தாள். சிரித்தாள். தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. முன்பக்கத்தில் பதினான்கு என்று பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவள் கிழித்த தாள் பதினைந்து. அடியிலிருந்து வந்தது பதினாறு, புதன், அவளுடைய சிவப்பு எழுத்தில் "முகாம்". செவ்வாய்க்கிழமை எங்கே போயிற்று என்று அவள் யோசிக்கவில்லை. ஷிஃப்ட் மாறும் வாரத்தில் நாள்கள் அப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும். எந்திரத்துக்கு முன்னால் நடந்ததைத் தவிர வேறெதுவும் ஞாபகமில்லாத செவ்வாய்க்கிழமைகள் அவளுக்கு நிறைய உண்டு. செல்போனில் தேதி தெரியும்தான். ஆனால் சுவரில் காலண்டர் இருக்கும்போது போனில் மணியை மட்டும்தானே பார்ப்போம்.

அன்று மில் பஸ்ஸுக்கு அவள் போகவில்லை. புளிச்சோறு கிளறி, தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக உருளைக்கிழங்கு வதக்கினாள். வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ தெரியாது. நித்திலாவுக்கு மாற்று உடை, துண்டு, தண்ணீர், பழைய சீட்டுகள். எட்டரைக்கு ஆட்டோ. ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மைதானத்தில் இறங்கினார்கள். இளஞ்செழியன் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டான். மணிமேகலை பையோடு முன்னால் நடந்தாள்.

மைதானத்தில் கூட்டமே இல்லை. இரண்டு பேர் குழி தோண்டி மூங்கில் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏணியில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பந்தல்காரர் பெலிக்ஸ் கீழே நின்று மேலே பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மணிமேகலைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொன்ன நேரத்துக்குச் செய்யாதவர்களை அவளால் பொறுக்க முடியாது.

"ஏண்ணே, மணி ஒம்பதாகப் போகுது. இன்னும் கம்பு நட்டுக்கிட்டு இருக்கீக? எப்பப் பந்தல் போட்டு, எப்பச் சேர் போட்டு, எப்ப முகாம் நடக்கும்? புள்ளைகளத் தூக்கிக்கிட்டு வாறவுக வெயில்லயா நிப்பாக?"

பெலிக்ஸ் டீயைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார். "ஒரு நாள் முழுசாக் கெடக்கேக்கா."

"எது ஒரு நாளு?"

"முகாம் புதன்கெழமைதான?"

"இன்னைக்குத்தான்யா புதன்கெழமை!"

ஏணியில் இருந்தவர் கயிற்றை விட்டுவிட்டார். "அண்ணே, இன்னைக்குப் புதனாம்ணே! நம்ம செத்தோம்!"

"ஏலே, நீ கயித்தப் பிடி" என்றார் பெலிக்ஸ். பிறகு, பயந்தவர்களிடம் பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னார். "யக்கா, இன்னைக்குச் செவ்வாய். நெசமாத்தான்க்கா."

இளஞ்செழியன் ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்துப் பார்த்தான். அதைத் திரும்பவும் பார்த்தான். "மேகலை" என்றான். "செவ்வாய்தான்."

அவள் பையைக் கீழே வைத்தாள். செவ்வாய் என்றால், இந்நேரம் அவள் எந்திரத்துக்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். லீவு நாளைக்குத்தான். மூன்று மாதம் முடிய இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது.

அந்த நேரத்தில் அவள் போன் அடித்தது. சுக்கூர்.

"என்னம்மா மணிமேகலை, பஸ்ல வரலன்னாங்க. ஷிஃப்ட் தொடங்கி ரெண்டு மணி நேரமாச்சு. இனிமே உள்ள விட மாட்டாங்கம்மா. என்னாச்சு? பாப்பாவுக்கு எதுவும்..."

அவள் பாதி நட்டிருந்த மூங்கில் கம்புகளைப் பார்த்தாள். அந்த இடைவெளியை அவர் தப்பாகப் புரிந்துகொண்டார்.

"சரி சரி, பதறாத. பாப்பாவுக்குத் திடீர்னு முடியாமப் போச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனான்னு நான் போட்டுக்கிறேன். அப்பிடின்னா சொல்லாம நின்னதா ஆகாது. மேலாளர் ஒண்ணும் கேக்க மாட்டாரு. யாரு கேப்பா?"

யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். ஒன்பது வருடமாக அவளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அவள் எதற்குத் தாமதிக்கிறாள், எதற்கு வரவில்லை, எதற்கு இளைத்தாள் என்பதற்கெல்லாம் அந்த ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். அவள்தான் அதை ஒருமுறைகூட எடுத்ததில்லை. அதனால்தான் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய் நின்றாள். அதனால்தான் வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம்.

அப்பாவின் தோளில் இருந்து நித்திலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாய்" என்றாள் மணிமேகலை. "பாப்பா நல்லாத்தான் இருக்கா. நாங்கதான் காலண்டர ரெண்டு தடவ கிழிச்சிருக்கோம் போல. இன்னைக்குப் புதன்னு நெனச்சு முகாமுக்கு வந்து நிக்கிறோம்."

 மறுமுனையில் சுக்கூர் இருமுவது கேட்டது. அது சிரிப்பை மறைக்கும் இருமல் என்று பின்னால்தான் சொன்னார்.

"ஏம்மா, டைம் ஆபீசுக்கு வரப்போற ஆளு. கெழமை தெரியலன்னா எழுதச் சொல்ற?"

"அதையே எழுதுங்க பாய்."

"யோசிச்சுச் சொல்றியா? ஒரு வார்த்தைதான்."

"யோசிச்சுட்டேன் பாய். புள்ள மேல போட வேணாம்."

போனைப் பைக்குள் வைத்தாள். பெலிக்ஸ் எதுவும் கேட்காமல் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் போட்டார். "செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்கக்கா. பந்தலுக்கு மொத ஆளா வந்திருக்கீக" என்றார்.

உட்கார்ந்தார்கள். நித்திலா அப்பாவின் மடியில் குறுக்காகக் கிடந்தாள்.

"நான்தான் கிழிச்சிருக்கேன்" என்றான் இளஞ்செழியன். "நேத்து பல் வெளக்கயில. கை பாட்டுக்குப் போயிருச்சு."

"எழுதி வச்சத நான் படிச்சேன்ல. ஒரு தடவ திருப்பிப் பாத்திருக்கலாம்."

"அப்பப் பாதி எனக்கு, பாதி ஒனக்கு."

"சிரிக்காதீக. அந்த வேல போச்சுன்னா?"

போனால் போகட்டும் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகளின் விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீவிவிட்டான். "போகக் கூடாதுன்னுதான் எனக்கும் இருக்கு" என்றான்.

மணி ஒன்பதரை. அவனுக்கு மூன்று மணிக்குத்தான் வேலை. அவளுக்கு வேலை இல்லை. முகாமும் இல்லை. எழுதிவைத்த எதுவுமே இல்லாத ஒரு நாள். அவள் பையைத் திறந்து மூடினாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் திறந்து, புளிச்சோற்றை எடுத்தாள்.

நித்திலாவுக்கு ஊட்ட ஒரு பக்குவம் வேண்டும். கழுத்துக்கு அடியில் கை கொடுத்து, தாடையை லேசாகத் தாங்கி, கோலிக்குண்டு அளவு உருண்டை வைக்க வேண்டும். மணிமேகலை மளமளவென்று, பேசாமல் ஊட்டுவாள். இளஞ்செழியன் எந்திரங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு வாய்க்கும் நிறுத்தி நிறுத்தி ஊட்டுவான். இரண்டும் நித்திலாவுக்குத் தனித்தனியாகப் பழக்கம். அம்மா இருந்தால் அப்பா இருக்க மாட்டார், அப்பா இருந்தால் அம்மா தூங்குவாள் என்பது அவளுக்குத் தெரிந்த உலகம்.

அன்று அம்மா ஒரு வாய் வைத்தாள். அப்பா, "அந்த மூணாம் நம்பர் மிஷின் இருக்கில்ல..." என்று தொடங்கி ஒரு வாய் நீட்டினான். நித்திலா அவனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடியும் அவனை. அவள் கழுத்து அவ்வளவு வேகமாகத் திரும்பி அவர்கள் பார்த்ததில்லை. வாயில் இருந்த சோறு தெறிக்க, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் சிரிப்பு அது. தொடங்கினால் நிற்காது. ஏணியில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார்.

"மூணு பேரும் கடைசியா எப்பச் சேந்து சாப்பிட்டோம்?" என்றாள் மணிமேகலை.

"பொங்கலுக்கு."

"பொங்கலுக்கு நீங்க ஆளு வரலன்னு ரெண்டு ஷிஃப்ட் பாத்தீக. நல்லா ஞாபகமிருக்கு."

அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான்.  அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வார லீவுகூட அவர்களுக்கு ஒரே நாள் கிடையாது. அவளுக்கு ஞாயிறு, அவனுக்கு வியாழன். அன்றைக்கும் மற்றவர் வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் வெளிவேலைகளுக்கு ஓடுவார்கள். அப்படிக் கேட்டு வாங்கியது அவள்தான். ஒரே நாளில் இரண்டு பேரும் வீட்டில் இருப்பது வீண். தனித்தனியாக இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் ஆள் கிடைக்கும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் அதை அவள் இத்தனை வருடமாகத் திரும்பப் பார்க்கவில்லை.

மறுநாள் உண்மையான புதன்கிழமை. பந்தல் தயாராக இருந்தது. பெலிக்ஸ் அவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நித்திலாவின் முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் அளந்து எழுதிக்கொண்டார்கள். நாற்காலி வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

வியாழக்கிழமை மணிமேகலை மில்லுக்குப் போனதும் மேலாளர் கூப்பிட்டார். சுக்கூர் எழுதியிருந்த காகிதம் மேஜையில் இருந்தது. "கிழமை தவறாகக் கருதியதால் வரவில்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. நிபந்தனை நிபந்தனைதான் என்றார். இன்றிலிருந்து மறுபடியும் மூன்று மாதம். அதுவரை சுக்கூர் இருக்கச் சம்மதித்தால் அந்த இடம் அவளுக்காகக் காத்திருக்கும்; இல்லையென்றால் வேறு ஆள்.

வெளியே வந்தபோது சுக்கூர் தன் அறை வாசலில் நின்றிருந்தார். ஆயக்குடியில் அவருக்குக் கொய்யாத் தோப்பு இருக்கிறது. ஆகஸ்ட் முதல் அங்கேயே இருக்கப்போவதாக மில்லில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்திருந்தார்.

"மன்னிச்சுக்கங்க பாய்" என்றாள்.

"மன்னிக்கவா? ஏம்மா, நீ ஒரு தாளக் கிழிச்ச. எனக்கு மூணு மாசம் போச்சு" என்றார். "கொய்யா எங்கயும் ஓடிப் போகாது. நான் இருக்கேன்னு சொல்லிட்டேன், போ. இந்தத் தடவையாச்சும் கெழமைய யார்ட்டயாவது கேட்டுட்டு வா."

அவள் போகவில்லை. அங்கேயே நின்றாள்.

"இன்னும் என்ன?"

"வார லீவ மாத்தணும் பாய். எனக்கு ஞாயிறு வேணாம். வியாழக்கெழமை போட்டுக் குடுங்க."

சுக்கூர் கண்ணாடியைக் கழற்றினார். "ஞாயித்துக்கெழமைய விட்டுக் குடுக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன். ஒன் வீட்டுக்காரருக்குத்தான வியாழன்? ரெண்டு பேரும் ஒரே நாள்ல வீட்ல இருந்து என்ன செய்யப் போறீங்க?"

"சாப்பிடப் போறோம்" என்றாள்.

அவர் மேற்கொண்டு கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்.

மூன்று மாதமும் ஒழுங்காக முடிந்து, அக்டோபரில் அவள் டைம் ஆபீஸுக்கு வந்துவிட்டாள். சுக்கூர் தோப்பிலிருந்து ஒரு கூடை கொய்யா அனுப்பினார். இப்போது அவர்கள் வீட்டில் தினமும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் மணிமேகலையிடம் கேட்டால் ஜூலையில் மூன்று பேரும் சேர்ந்து வீட்டில் இருந்த அந்த முதல் வியாழக்கிழமையைத்தான் சொல்வாள்.

பழக்கம் போகாமல் அன்றும் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். பத்து மணிக்குள் துணி துவைத்து, சமைத்து, வீட்டைத் துடைத்தாயிற்று. பன்னிரண்டு மணிக்கு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கீரை, ரசம், ஒரு அப்பளம். சாப்பிட்டதும் அவள் தட்டுகளை எடுக்கப் போனாள்.

"கெடக்கட்டும்" என்றான் இளஞ்செழியன்.

"காஞ்சு போயிரும்."

"காயட்டும். செத்த நேரம் உக்காரு."

உட்கார்ந்தாள். நித்திலா இருவருக்கும் நடுவில் பாயில் படுத்திருந்தாள். ஒரு கை அவன் சட்டையையும் ஒரு கை அவள் சேலையையும் பிடித்திருந்தது. அவள் எதையாவது பிடித்தால் லேசில் விட மாட்டாள். பிடித்தபடியே தூங்கியும் போனாள். எதிர்வீட்டு வாசலில் காதர் பீவியின் குரல் கேட்டது. "புள்ள, ரேசன் கடையில பாமாயில் போடுறாக, ஒரு மணி வரைக்கும்தானாம்!"

மணிமேகலை சுவரில் மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது. நடந்து போனால் பத்து நிமிடம், போய்விட்டு வந்துவிடலாம். சேலையைப் பிடித்திருந்த சின்ன விரல்களைப் பார்த்தாள். அவற்றைப் பிரிக்கும் பக்குவம் அவளுக்குத் தெரியும்.

"நாளைக்கு வாங்கிக்கிறேன் பீவியம்மா" என்று, குழந்தை விழித்துவிடாத குரலில் சொன்னாள். வாசல் வரைக்கும் அது கேட்டிருக்காது. இன்னொரு முறை சொல்வதற்கு அவள் எழுந்திருக்கவில்லை.